கூத்தர் தலைமையும் முதுநிலைக் கலைமேலாண்மைக் கல்வியும்: செய்யாற்றுப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கலை, பண்பாட்டு நிறுவனங்களை வழிநடத்துவோருக்கான முதுநிலைப் படிப்புகள் மேலைநாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றன. அவற்றின் பாடத்திட்டம், நிறுவனம் என்பது தனிமனிதரைக் கடந்து நிற்கும் ஒன்று என்னும் முற்கோளின்மீது எழுந்தது. கலசப்பாக்கம் உள்ளிட்ட செய்யாற்றுப் பகுதியில் வழங்கும் தெருக்கூத்து ஜமாவோ ஒரு மனிதரின் நினைவு, சொல், கடன் ஆகியவற்றால் ஆனது. ஆகவே தமிழ்ச்சூழலில் இத்தகைய படிப்பு, நிதி திரட்டலையோ விளம்பரத்தையோ அன்றித் தலைமைக் கைமாற்றத்தையே மையப்பாடமாகக் கொள்ளவேண்டும் என இக்கட்டுரை வாதிடுகின்றது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, ஜமா, கலைமேலாண்மை, தலைமைக் கைமாற்றம், புரிசை, கட்டைக்கூத்துச் சங்கம், கலாக்ஷேத்ரா.

கூத்தர் நிலம்

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு செங்கத்தைக் கடந்து கலசப்பாக்கம் வழியே கிழக்கு நோக்கிச் சென்று பாலாற்றில் கலக்கின்றது. பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம் பாடும் நிலம் இதுவே. அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றொரு பெயரும் உண்டு. செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் குழுவை அவன்பால் ஆற்றுப்படுத்துகின்றான். அதில் குறிக்கப்பெறும் நவிரமலை, இன்றைய கலசப்பாக்கம் வட்டத்தில் உள்ள பருவதமலையே என்பர்.

இலக்கிய வரலாற்றில் இந்நூல் பெரும்பாலும் இயற்கை வருணனைக்காகவும் இசைக்கருவிப் பட்டியலுக்காகவும் எடுத்தாளப்பெறுகின்றது. ஆனால் புலவர் பேசுவது குழுவின் தலைவனோடு என்பது போதிய கவனம் பெறவில்லை. கருவிகளைப் பைகளில் கட்டிச் சுமந்து, விறலியரோடும் சுற்றத்தோடும் வரும் ஒரு குழுவுக்குத் தலைவன் அவன். எந்த வழி செல்வது, எங்கே வழுக்கும் பாறை உள்ளது, எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும், புரவலனின் இயல்பு யாது என்பனவெல்லாம் அவனுக்கே சொல்லப்படுகின்றன. அவனுடைய ஆடற்றிறம் பற்றி நூல் அறிவுறுத்துவது குறைவு. குழுவைச் சிதையாமல் கொண்டு சேர்ப்பதற்கான அறிவே மிகுதி. இக்காலத்தார் கலைத்தலைமை என்று குறிக்கும் பொருள் அந்நூலில் உள்ளது என்று கூறுதல் மிகையாகாது. இது பழம்பெருமைக்காகக் கூறப்படுவதன்று. அவ்வறிவு ஒருவர் வாய்மொழியாக மற்றொருவருக்குக் கைமாற்றும் அறிவாகவே அங்கும் காட்டப்படுகின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

பாடத்திட்டத்தின் முற்கோள்

1966ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர்களாகிய வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் நிகழ்த்துகலைகளின் பொருளாதார இக்கட்டு குறித்து எழுதிய நூல், கலைமேலாண்மை ஒரு கல்வித்துறையாக உருப்பெறுவதற்கு அடிப்படை தந்தவற்றுள் ஒன்று. அவர்களது வாதம் எளியது. ஆலையில் பொறி புகுந்தால் ஒரு தொழிலாளி முன்னினும் மிகுதியான பொருளை உண்டாக்குகின்றார். ஊதியம் உயர்ந்தாலும் விலை கட்டுக்குள் நிற்கின்றது. நால்வர் இசைக்கும் இசைக்கோவைக்கு நூற்றாண்டு கடந்தும் அதே நால்வர், அதே நேரம் தேவை. பிற துறைகளில் ஊதியம் உயர உயரக் கலையின் செலவும் உயர்கின்றது. வரவு அதற்கு ஈடாக உயர்வதில்லை. ஆகவே அரசோ அறக்கட்டளையோ இடைவெளியை நிரப்பியாக வேண்டும்.

இவ்வாதம் கூத்துக்கும் பொருந்தும். விடிய விடிய நிகழும் கர்ணமோட்சத்திற்குக் கர்ணன், பொன்னுருவி, கட்டியங்காரன், பின்பாட்டுக்காரர், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் என அன்று வேண்டிய ஆட்கள் இன்றும் வேண்டும். வேறுபாடு, இடைவெளியை நிரப்புபவர் யார் என்பதில் உள்ளது. மேலைப் பாடத்திட்டங்கள் அறங்காவலர் குழு, நிதி நல்குநர், பார்வையாளர் வளர்ப்பு, மூலோபாயத் திட்டமிடல் எனப் பாடங்களை வகுப்பதற்குக் காரணம், அங்கே இடைவெளியை நிரப்புவோர் நிறுவனங்களாக இருப்பதே. நிறுவனம் நிறுவனத்தோடு பேசுகின்றது. அதற்குரிய மொழியைக் கற்பிக்கும் படிப்பு அது. செய்யாற்றுப் பகுதியில் அவ்விடைவெளியை நிரப்பி வருபவர் ஜமாவின் தலைவரே. சில வேளைகளில் தம் சொந்த நிலத்தையோ வீட்டார் நகையையோ கொண்டு.

இந்தியாவில் இத்துறை இன்னும் தொடக்கநிலையிலேயே உள்ளது. பெங்களூரில் 1993இல் நிறுவப்பெற்ற இந்தியக் கலை அறக்கட்டளை நல்கைகள் வழியாகக் கலைஞர்களையும் ஆய்வாளர்களையும் ஊக்குவித்து வருகின்றது. ஆர்ட்திங்க் சவுத் ஏசியா பணியிலிருப்போருக்குக் கலைமேலாண்மைப் பயிற்சி அளித்தது, அது பட்டமன்று. தமிழ்நாட்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியும் ஆற்றிய பணி பெரிது. ஆயினும் அவற்றின் மையம் ஆய்வும் நிகழ்த்துதலுமே.

ஜமா என்னும் அமைப்பு

கூத்தின் சடங்கியல் பின்புலத்தை ஆல்ஃப் ஹில்டெபைடல் (1988), ரிச்சர்ட் ஃப்ராஸ்கா (1990) ஆகியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என்னும் வரிசை அனைவரும் அறிந்ததே. குழுவின் அமைப்பியலை முதன்மைப்படுத்தி நோக்கியவர் ஹன்னே எம். டி புருயின். ஊர் உரிமையாக, மரபுவழிக் கடமையாக ஆடப்பெற்ற கூத்து, ஒப்பந்தத்தின்பேரில் ஆடும் தொழில்முறைக் குழுக்களின் கைக்கு மாறிய போக்கை அவர் எடுத்துக்காட்டினார். இம்மாற்றமே இன்றைய ஜமாத் தலைவரை உருவாக்கியது எனலாம்.

அவருடைய பணிகளைத் தொகுத்து நோக்கினால் ஒரு நிறுவன இயக்குநரின் பணிகள் அனைத்தும் அதில் அடங்கும். ஊரார் தாம்பூலம் வைத்து இரவைக் குறிக்கும்போது தொகை பேசுகின்றார். பருவம் தொடங்கும் முன் ஆட்டக்காரருக்கு முன்பணம் கொடுத்துக் குழுவில் நிறுத்துகின்றார். வேடத்திற்கும் திறத்திற்கும் ஏற்பப் பங்கு பிரிக்கின்றார். ஒரே நாளில் இரண்டு ஊர்கள் கேட்டால் எதனை ஏற்பது என முடிவு செய்கின்றார். நடிகர் ஒருவர் மற்றொரு ஜமாவுக்குப் போய்விட்டால் இரவோடு இரவாக வேறொருவரைக் கண்டுபிடிக்கின்றார். இவ்வளவும் செய்து, பெரும்பாலும் தாமே கட்டை கட்டி ஆடவும் செய்கின்றார்.

முன்பணத்தைச் சற்று விரித்து நோக்கவேண்டும். மேலாண்மை நூல்கள் இதனை ஊதிய முன்தொகை என ஒரு வரியில் கடந்துவிடும். கூத்தில் அது குழுவைக் கட்டிவைக்கும் கயிறு. தை, மாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நீளும் பருவத்திற்கு நடிகர் தம்மை ஒப்புக்கொடுப்பதன் அடையாளம் அது. அத்தொகை தலைவர் கையிருப்பினின்று வருவது அரிது. வட்டிக்கு வாங்கப்படுவதே மிகுதி. எனவே மழையோ, தேர்தல் கால நடத்தை விதிகளோ, பெருந்தொற்றுக் கால முடக்கமோ ஒரு பருவத்தைப் பறித்தால், நடிகருக்கு இழப்பு வருமானம். தலைவருக்கு இழப்பு கடன். 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கம் திருவிழாப் பருவத்தின் நடுவே வந்தது. கருமாதி நாளில் கர்ணமோட்சம் ஆடும் வழக்கமும் திருவிழாக்களோடு சேர்ந்தே தடைபட்டது.

ஜமாவின் சொத்து எது என்பதும் எளிய வினாவன்று. கலியாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவை அடங்கிய வேடப்பெட்டி கண்ணுக்குத் தெரியும் சொத்து. கைப்பட எழுதிய நாடக நோட்டுகள் மற்றொன்று. மூன்றாவதும் பெரியதுமான சொத்து, எந்த ஊரில் யாரிடம் பேசவேண்டும், எந்த ஊருக்கு எந்தக் கதை வேண்டும், எவ்வூரில் இரண்டு தெருவாருக்குள் பிணக்கு என்னும் நினைவு. முதலிரண்டையும் மகனுக்கோ மாணவருக்கோ கொடுக்கலாம். மூன்றாவது, தலைவரோடு பல பருவங்கள் நடந்தவருக்கே வாய்க்கும்.

பதிவும் நடைமுறையும்

அரசின் நல்கையைப் பெற விரும்பும் குழு, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தல் வழக்கம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். தலைவர், செயலர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு ஆகியவை வேண்டும். ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் குரு–சிஷ்ய மரபுக்கென வழங்கும் நிதியும் இத்தகைய ஆவணங்களை எதிர்பார்க்கின்றது.

தாளில் மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பெறும் பொறுப்பு, ஜமாவில் ஒருவரிடமே உள்ளது. அதனால் தம்பி செயலராகவும் மைத்துனர் பொருளாளராகவும் பெயரளவில் அமைகின்றனர். இதனை முறைகேடு என்று தணிக்கையாளர் கருதலாம். ஆனால் இரண்டு வேறுபட்ட அமைப்பியல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டதன் விளைவே அது. இவ்வொட்டின் தீங்கு உடனே தெரிவதில்லை. தலைவர் மறையும்போது சட்டப்படி பொறுப்பு ஒருவரிடமும், குழுவை நடத்தும் திறன் மற்றொருவரிடமும், வேடப்பெட்டி மூன்றாமவர் வீட்டிலும் இருக்க நேர்ந்தால் ஜமா உடைகின்றது.

கைமாற்றம்

இச்சிக்கலைத் தமிழ்நாட்டுக் கலை நிறுவனங்கள் எதிர்கொண்ட விதங்கள் வேறுபட்டவை. அவற்றுள் புரிசையின் வழி குடும்பவழி. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தை நடத்தி வருகின்றது. நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான், அவர் மகன் சம்பந்தத் தம்பிரான் எனத் தொடர்ச்சி அறுபடாமல் வந்தது. மன்றமாகப் பதிவு பெற்றதும், நவீன நாடகத்தாரோடு கொண்ட உறவும், பிரெக்டின் நாடகத்தைக் கூத்து வடிவில் ஆடியதும் அத்தொடர்ச்சியைக் குலைக்கவில்லை. கண்ணப்பத் தம்பிரான் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் இரவு விழா, இறந்த தலைவரையே நிறுவனத்தின் நாட்காட்டியாக ஆக்கிக்கொண்ட நுட்பமான ஏற்பாடு. குடும்பத்தில் தகுதியுடையவர் பிறப்பது தற்செயல் என்பதே இவ்வழியின் எல்லை.

புரிசைக் கூத்தால் ஈர்க்கப்பெற்ற ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 2018இல் அவர் மறையும்வரை பட்டறையும் அவரும் பிரித்தறிய இயலாதவாறு இருந்தனர். கலாக்ஷேத்ராவின் வழி சட்டவழி. 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் தோற்றுவித்த அந்நிறுவனம், 1986இல் அவர் மறைந்தபின் நெருக்கடிக்குள்ளாகி, 1993ஆம் ஆண்டின் கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டத்தால் ஒன்றிய அரசின் பொறுப்பில் வந்தது. சட்டம் நிறுவனத்தைக் காத்தது. அதன் இயக்குநரைத் தேர்வது அன்றுமுதல் அரசின் செயலாயிற்று. இத்தகைய சட்டம் எந்தக் கிராமத்து ஜமாவுக்கும் வரப்போவதில்லை.

மிகுந்த கவனத்துக்குரியது கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழி. செய்யாற்றுப் பகுதிப் பெருங்கட்டூரைச் சேர்ந்த கலைஞர் பெ. ராஜகோபால், ஹன்னே எம். டி புருயின் முதலானோர் முயற்சியால் 1990இல் தோன்றிய இச்சங்கம் தனிக்குழுவன்று. பல குழுக்களின் கலைஞர்கள் சேர்ந்த அமைப்பு. 2002இல் அது தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒருங்கே அளித்தது. ஆண்களே ஆடிவந்த கலையில் சிறுமியர் பயின்றனர். பின்னர்ப் பெண்கள் தாமே குழு நடத்தும் நிலையும் உருவாயிற்று. அக்குருகுலம் 2020இல் மூடப்பெற்றது. அதனைத் தோல்வி எனப் பதிவு செய்தல் பிழையாகும். பயின்றவர் வேறு குழுக்களில் ஆடுவதும் தாமே குழு அமைப்பதும் கைமாற்றமே. கட்டடம் நிலைப்பதையே வெற்றியென அளக்கும் மேலாண்மைக் கல்விக்கு இந்நிகழ்வை அளக்கும் கோல் இல்லை.

யார் கற்பிப்பது

முதுநிலைப் படிப்பில் சேர இளநிலைப் பட்டம் வேண்டும். முப்பது பருவங்கள் ஜமா நடத்தியவருக்கு அது இராது. ஆகவே படிப்பு தொடங்கப்பெற்றால் கலசப்பாக்கத்துக் கூத்தர் அதில் மாணவராக நுழைய இயலாது. ஆய்வுப்பொருளாக மட்டுமே நுழைவார்.

ஆசிரியராக நுழைய வழியுண்டு. பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஒரு துறையில் குறைந்தது பதினைந்து ஆண்டு அனுபவம் உடையோரை, முறையான கல்வித்தகுதி இன்றியும், நடைமுறைப் பேராசிரியராக அமர்த்த இடமளிக்கின்றன. ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மிகாமல் இவ்வாறு அமர்த்தலாம். பணிக்காலம் நான்கு ஆண்டுக்கு மேற்படாது. கலைஞர்களை உறைவிடக் கலைஞராக ஏற்கும் நெறிமுறைகளும் பின்னர் வந்துள்ளன. இவ்வாய்ப்பைப் பயன்படுத்தும்போது ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கூத்தரை அழைத்து அடவும் பாட்டும் கற்பிக்கச் சொல்வது ஏற்கெனவே பல துறைகளில் நடைபெறுவது. தாம்பூலம் வாங்கும்போது தொகை பேசுவது எவ்வாறு, முன்பணக் கணக்கை எழுதுவது எவ்வாறு, முதிர்ந்த நடிகரின் வேடத்தை இளையவருக்கு மனங்கோணாமல் மாற்றித் தருவது எவ்வாறு என்பனவற்றை அவரிடம் கேட்பதற்கு இன்னும் எந்தத் தாளும் வகுக்கப்பெறவில்லை.

அத்தகைய தாளுக்கு உரிய களப்பணி, ஒரு ஜமாவோடு ஒரு முழுப் பருவம் உடன்சென்று மூன்று பட்டியல்களை ஆக்குவது: வேடப்பெட்டியில் உள்ளவை, நோட்டுகளில் உள்ள நாடகங்கள், தலைவரின் நினைவில் மட்டும் உள்ள ஊர்களும் ஆட்களும். மூன்றாம் பட்டியலைத் தலைவரும், அடுத்துக் குழுவை ஏற்கக்கூடியவரும் ஒருங்கிருக்கும்போதே எழுதுதல் வேண்டும். எழுதியதன் ஒரு படி பல்கலைக்கழக நூலகத்திற்கும், மற்றொன்று வேடப்பெட்டிக்கும் உரியது.