ஊர் ஊட்டும் பால்

ஒரு கிலோ எடையோடு பிறந்த குறைமாதக் குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு வேளைப் பால் சுமார் இரண்டு மில்லி. அரைத் தேக்கரண்டிகூட இல்லை. அதையும் அதனால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைய, கருவுக்கு ஏறத்தாழ 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை மெல்லிய குழாய் வழியாகத்தான் பால் இறங்கும். பிறகு நம் பாட்டிமார் கையாண்ட அதே பாலாடை.

அந்த இரண்டு மில்லிகூடப் பெற்றவளிடம் சுரக்காத நாட்கள் உண்டு. ரத்தக்கொதிப்பு, அறுவை சிகிச்சை, குழந்தை வேறு வார்டில் இருக்கும் கலக்கம் என எத்தனையோ காரணங்களால் பால் தாமதமாகலாம். புதுச்சேரி கோரிமேட்டில், ஜிப்மர் மருத்துவமனையின் 'அமுதம் தாய்ப்பால் மையம்' கைகொடுப்பது அந்த நாட்களில்தான். தன் பிள்ளை குடித்தது போக மிஞ்சியதை, முகம் பார்த்திராத ஒரு பிள்ளைக்காக வேறொரு தாய் பீய்ச்சிக் கொடுக்கிறாள்.

பால்மாவு கொடுத்தால் போதாதா? முற்றாத குடலுக்கு அது பாரம். குறைமாதக் குழந்தைகளின் குடல் திசு அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. பால்மாவு பெறும் குழந்தைகளைவிடத் தானப்பால் பெறும் குழந்தைகளிடம் அந்நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

காரணம் பாலுக்குள் இருக்கிறது. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து மிகுதியாக இருப்பவை ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். வியப்பு என்னவென்றால், குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. அவை குழந்தைக்கான உணவு அல்ல. அதன் குடலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களுக்கான உணவு. பிஃபிடோபாக்டீரியா அவற்றைத் தின்று பெருகி, தீய கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. பச்சிளம் குழந்தைகளின் குடலை ஆராய்ந்து 1885இல் ஈ.கோலை நுண்ணுயிரை விவரித்தவர் தியோடர் எஷெரிச். உலகின் முதல் தாய்ப்பால் வங்கியை 1909இல் வியன்னாவில் தொடங்கியவரும் அவரேதான்.

அந்தச் சர்க்கரைத் தொடர்களைவிடப் பெரிய வியப்பு ஒன்றும் பாலில் உண்டு. தாயின் குடல் ஒரு கிருமியைச் சந்தித்தால், அதை அடையாளம் கண்ட நோயெதிர்ப்பு செல்கள் ரத்தத்தில் பயணித்து மார்பகத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கே அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிப் பாலில் கலக்கின்றன. வில்லியனூரிலோ அரியாங்குப்பத்திலோ வாழும் ஒரு பெண், பெரிய மார்க்கெட்டில் நடந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து எதிர்கொண்ட கிருமிகளின் நினைவு அவள் பாலில் இருக்கிறது. அதே ஊரில் பிறந்த குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான காப்பு எது?

அந்தப் பால் நேரே குழந்தையிடம் போவதில்லை. கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் சோதனைகள் நடக்கும். பின்பு பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, கிருமி இல்லையென்று உறுதிசெய்து, மைனஸ் 20 டிகிரியில் உறையவைப்பார்கள். கொதிக்கவைக்காமல் கிருமியைக் கொல்லும் இந்த வழிக்குப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் பெயரே நிலைத்திருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் அவர் பெயர் அன்றாடம் புழங்குகிறது. சூட்டில் கொழுப்பைச் செரிக்கும் நொதி அழிந்துவிடும். எதிர்ப்புப் புரதங்களும் ஓரளவு குறையும். ஆனால் அந்தச் சர்க்கரைத் தொடர்கள் அப்படியே தங்குகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பெற்றவளின் பாலை முதலிலும், அது கிடைக்காதபோது தானப்பாலை அடுத்தும் வைக்கிறது.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில், மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் பிறந்தது. இந்தியாவில் தாய்ப்பாலை விற்க அனுமதி இல்லை. கொடுக்க மட்டுமே முடியும்.

'கொடுத்தால் நம் பிள்ளைக்குக் குறைந்துவிடுமே' என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவது இயல்பு. உண்மை நேரெதிர். மார்பு காலியாகக் காலியாகத்தான் சுரப்பு கூடும். பால் கட்டிக்கொள்ளும் வலியும் தீரும். ஆகவே மருமகளையும் மகளையும் தடுக்காதீர்கள். கூடவே போய் உட்காருங்கள். ஒரு காப்பி டம்ளர் அளவு, 100 மில்லி பால், ஒரு கிலோக் குழந்தைக்கு ஐம்பது வேளை உணவு.