கரையொதுங்கும் துகள்களும் கட்டுப்படுத்தாத உடன்பாடுகளும்

2025 மே 25 ஆம் திகதி தென்னிந்தியாவின் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கொள்கலன் கப்பல் மூழ்கியது. சில வாரங்களுக்குள் பருப்பளவிலான பிளாஸ்டிக் துகள்கள் மன்னார் உள்ளிட்ட எமது கரையோரங்களில் ஒதுங்கலாயின. 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் துகள்கள் கடலில் கலந்ததை எமது கடற்றொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது எமது வாசலில் நேர்ந்த விபத்து. இதுவோ அயலவர் கடலில் நேர்ந்தது. இரண்டிலும் வலையை வீட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்க நேருவது தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவக் குடும்பங்களுக்கே.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக்கடல் நீரோட்டம் இலங்கையைத் தழுவிக் கிழக்கே செல்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்றின்போது திசை மாறி வங்காள விரிகுடாவின் நீர் எம்மைக் கடந்து மேற்கே போகின்றது. எனவே அயல்நாட்டுக் குப்பை எம்மிடம் வருவதைப் போன்று, களனி கங்கை கடலில் சேர்க்கும் எமது குப்பையும் பிறரிடம் போகின்றது.

இதனை உணர்ந்து பிராந்திய அரசாங்கங்கள் எதனையும் செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. தெற்காசிய கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 1982 இல் நிறுவப்பட்டது. அதன் செயலகம் கொழும்பிலேயே இயங்குகின்றது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், மாலைதீவு, இலங்கை ஆகிய ஐந்து கரையோர நாடுகளும் 1995 இல் தெற்காசியக் கடல்களுக்கான செயற்றிட்டத்தை ஏற்றன. கடற்குப்பைக்கெனத் தனியான பிராந்தியத் திட்டமும் வகுக்கப்பட்டது. ஆறுகளிலும் கடல்களிலும் பிளாஸ்டிக் சேர்வதைத் தடுப்பதற்கு உலக வங்கியின் ஆதரவுடன் 50 மில்லியன் டொலர் திட்டமொன்று 2020 இல் ஆரம்பிக்கப்பட்டது. 2014 இன் பின்னர் சார்க் உச்சி மாநாடே கூடாத நிலையில், இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே மேசையில் அமரும் அமைப்பொன்று எஞ்சியிருப்பது சிறிய விடயமன்று.

குறைபாடு வேறிடத்தில் இருக்கின்றது. மத்தியதரைக்கடல் நாடுகளுக்கு 1976 முதல் பார்சிலோனா உடன்படிக்கை உண்டு. அதன் கீழ் 2013 இல் ஏற்கப்பட்ட கடற்குப்பைத் திட்டம் சட்டரீதியாகக் கட்டுப்படுத்துவது. தெற்காசியக் கடல்களுக்கோ அத்தகைய உடன்படிக்கை எதுவும் இல்லை. இங்கு செயற்றிட்டத்தை நிறைவேற்றுவதும் கைவிடுவதும் அந்தந்த அரசாங்கத்தின் விருப்பம். 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய உலக பிளாஸ்டிக் உடன்படிக்கைப் பேச்சுவார்த்தையும் இணக்கமின்றி முடிந்தது.

எக்ஸ்பிரஸ் பேர்ள் தொடர்பாக எமது உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது நாசம் நிகழ்ந்து நான்கு ஆண்டுகளின் பின்னர் வந்த உத்தரவு. துகள்களைக் கப்பலில் பாதுகாப்பாக ஏற்றிச் செல்வது பற்றி 2024 இல் சர்வதேச கடல்சார் அமைப்பு வெளியிட்ட பரிந்துரைகள் கட்டாயமானவை அல்ல. அவற்றைத் தத்தமது துறைமுகங்களில் கட்டாயமாக்குவதற்கும், விபத்து நேர்ந்தவுடன் அயல்நாடுகளுக்கு அறிவிப்பதற்கும் ஐந்து கரையோர நாடுகளும் இணங்குமாயின் அதற்குப் பெருந்தொகைப் பணம் தேவைப்படாது. செயலகத்தைத் தன் தலைநகரில் வைத்திருக்கும் இலங்கையே இப்பிரேரணையை முதலில் முன்வைக்க வேண்டும்.