வெள்ளைப்படுதல்: எது இயல்பு, எது நோய்?

மாதவிடாய் நின்றுவிட்டதா என்றறிய, அன்றைய பெண்கள் பஞ்சை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுப்பிக் கேட்பார்கள். வெண்ணிறக் கசிவைக் காணும்வரை அவசரப்பட வேண்டாம் என்பார்கள் அன்னை. நம் வீடுகளிலோ மகள் தாயிடம்கூட வாய் திறப்பதில்லை.

நிறமற்றோ வெண்மையாகவோ, நாற்றமும் அரிப்பும் இன்றி வருவது இயல்பு. கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும். இதற்காகத் தொழுகை, நோன்பை விடக்கூடாது. குளிப்பும் கடமையில்லை, உளூ போதும்.

தயிர் போலத் திரிந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறமும் மீன் வாடையும் பாக்டீரியாவால் வருபவை. பச்சை மஞ்சளாக நுரைத்தால் ட்ரைக்கோமோனாஸ் கிருமியாக இருக்கலாம். அப்போது கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை. சுத்தம் என்று சோப்பால் உள்ளே கழுவுவது நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். மாதவிடாய் அடியோடு நின்றபின் இரத்தம் கலந்து வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.