மேசை போடு, மருந்து வேண்டாம்

தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள ஒரு மேசை போடலாமா என்று அக்கா மகன் கேட்டான். ஒரகடத்தில் லேத் ஓட்டுகிற பையன். இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவன் அப்பாவிடம் லைசென்ஸோடு இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஆட்கள் வீட்டுக் கொட்டகையிலேயே தோட்டா நிரப்புவதைப் போனில் பார்த்திருக்கிறான். “கடையில வாங்குறதுல பாதி விலையில முடிஞ்சிடும் மாமா. டூல் எல்லாம் நானே கடைஞ்சிடுவேன்” என்றான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து பேசினோம். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வீட்டில் துப்பாக்கி இருக்கிற, கைவேலையில் ஆசையும் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடிய கேள்விதான் இது.

ஒரு தோட்டாவில் நான்கு சரக்கு. கூடு, கூட்டின் அடியில் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. இரட்டைக்குழல் துப்பாக்கியின் தோட்டாவில் குண்டுக்குப் பதிலாக ஈய ரவை இருக்கும். மருந்துக்கும் ரவைக்கும் நடுவே ஓர் அடைப்பு. கேப் என்பது தீபாவளிக்குப் பிள்ளைகள் தட்டி வெடிக்கிற பொட்டுவெடி மாதிரி. தட்டினால் பொறி விடும். பொறி மருந்தைப் பற்றவைக்கும், மருந்து கண் இமைக்கும் முன் வாயுவாகிக் குண்டை முன்னால் தள்ளும். சுட்டு முடித்தால் மிஞ்சுவது வெறும் கூடு. ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு விலை அதிகம். அதைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் தொடங்கியதுதான் இந்த வேலை.

சுடும்போது அழுத்தத்தில் கூடு விரிந்துவிடும். அதைப் பழைய அளவுக்கு நெருக்க வேண்டும், செத்த கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியது பொருத்த வேண்டும், மருந்தை நிறுத்துப் போட வேண்டும், குண்டைச் சரியான ஆழத்தில் உட்கார வைக்க வேண்டும். நெருக்குவதற்கும் உட்கார வைப்பதற்கும் கைநெம்புள்ள ஒரு பிரஸ்ஸை மேசையில் போல்ட் போட்டு முடுக்கிவைப்பார்கள். கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943இல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். கம்பெனி இந்தக் கருவிகளுக்கு இன்றும் பேர்போனது. நெம்பை இழுத்தால் மேசை ஆடக்கூடாது. அதனால் கனமான பலகை, சுவரோடு பிணைத்த கால்கள். இந்த அளவுக்குப் பையனின் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அவன் கவனிக்காதது ஒன்று. அந்த மேசைகளில் பிரஸ்ஸைவிட ஒழுங்குதான் முக்கியம். மேசை மேல் எந்த நேரத்திலும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். கறுப்புத் தூள்களில் எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். கவனம் பிசகி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்துவிட்டால், சுடுகிறவன் முகத்துக்கு முன்னாலேயே குழல் பிளக்கும். போன் அடித்தால் எடுக்காதே, பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதே, பாதியில் எழுந்தால் முதலிலிருந்து சரிபார் என்று அங்கே சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

சரி, நம் ஊரில்? பதில் ஒரே வரி. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா நிரப்பக்கூடாது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இரண்டு தனித்தனிப் பிரிவுகள் உண்டு. துப்பாக்கியும் தோட்டாவும் வைத்துக்கொள்வது 3ஆம் பிரிவு. செய்வது, விற்பது, பழுதுபார்ப்பது 5ஆம் பிரிவு. அவன் அப்பாவிடம் இருப்பது முதல் வகை லைசென்ஸ். அதை வைத்து எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது அந்த லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். தோட்டா செய்ய அது அனுமதி கொடுக்காது. “நான் எங்க மாமா செய்யறேன், காலிக் கூட்டைத்தானே நிரப்பறேன்” என்றான். நல்ல கேள்விதான். ஆனால் சட்டத்தின் 2ஆம் பிரிவில் ‘அம்யூனிஷன்’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முழுத் தோட்டாவோடு நிற்காமல், துப்பாக்கிக்கான மருந்துக் கட்டு, தோட்டாவின் பாகங்கள், தோட்டா செய்யும் இயந்திரம் எல்லாமே அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. அதாவது மேசையில் முடுக்கிய பிரஸ்ஸே சட்டத்தின் கண்ணில் ‘அம்யூனிஷன்’தான். ஒரு தோட்டாகூட நிரப்பாவிட்டாலும், அந்தக் கருவியை லேத்தில் கடைந்த அன்றே விவகாரம் தொடங்கிவிடும்.

தண்டனை சின்னதில்லை. 2019இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அனுமதியின்றி ஆயுதமோ தோட்டாவோ செய்தால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை, கூடினால் ஆயுள். அதே திருத்தம்தான் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, லைசென்ஸ் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. மருந்துக்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது.

இதை வெறும் அதிகாரக் கெடுபிடி என்று நான் நினைக்கவில்லை. 2023 மார்ச் 22ஆம் தேதி காஞ்சிபுரத்தை ஒட்டிய குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் செத்தார்கள். மருந்தோடு அன்றாடம் புழங்கியவர்கள் வேலை செய்த இடம் அது. வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில், மேலே மின்விசிறியும் பக்கத்தில் சமையலறையும் இருக்க, ஒரு கிலோ மருந்தை நம்பி உட்காரலாமா என்று அவனிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. டீயை மட்டும் உறிஞ்சினான்.

அப்புறம் குடகைப் பற்றிக் கேட்டான். அங்கே லைசென்ஸே வேண்டாமாமே என்று. உண்மைதான். குடகு வம்சத்தினருக்கும் ஜம்மா நிலம் உள்ளவர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து விலக்கு இருக்கிறது. 2029 வரைக்கும் அதை மத்திய அரசு நீட்டித்திருக்கிறது. ஆனால் அது துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கான விலக்கு. நமக்கு அதில் பங்கு இல்லை.

தமிழ்நாட்டில் வெடி நிரப்பும் கைவேலைக்கு உண்மையான உரிமைக்காரர்கள் யார் என்றால் நரிக்குறவர்கள்தான். நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டாவே கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் குழல்வாய் வழியாக மருந்தைப் போட்டு, அடைப்பு வைத்துக் கம்பியால் கெட்டித்து, ரவை போட்டு, மறுபடி அடைக்க வேண்டும். மேசை எதுவும் இல்லாமல் தோளில் தொங்கும் பையை வைத்தே, வயலோரம் நின்றபடி இதைச் செய்தவர்கள் அவர்கள். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. பிழைப்பு பாசிமணிக்கும் ஊசிக்கும் போனது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் 2022 டிசம்பரில்தான் நிறைவேறியது. அரை நூற்றாண்டுத் தாமதம் என்றே சொல்வேன்.

பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டத்தில் இன்றைக்கும் இடமுண்டு. மனுவை மாவட்ட ஆட்சியருக்குப் போட வேண்டும். ஆனால் லைசென்ஸ் கிடைத்தாலும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. வேர்க்கடலைக் கொல்லையைப் பன்றி கிளறிப் போட்ட வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதையும் தாண்டி வந்தால் சுடலாம். சுடுகிறவர் பயிற்சி பெற்ற வனத்துறை ஆள், விவசாயி இல்லை. தீனியில் வெடி பொதிந்த அவுட்டுக்காய் வைப்பது இதைவிட மோசம். பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கும், யானை கடிக்கும்.

துப்பாக்கி வேண்டாம் என்று இந்தப் பக்கத்து மக்களே முன்வந்து சொன்ன கதையும் உண்டு. உத்திரமேரூரிலிருந்து தென்கிழக்கே போனால் வேடந்தாங்கல். பழைய செங்கல்பட்டுச் சீமையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரிப் பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது, ஊரார் நேரே கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1790களின் கடைசியில் அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். ஊராரின் கணக்கு தெளிவானது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்குத் தனியாக எரு வேண்டாம். மடையானும் கொக்கும் இந்த மண்ணுக்கு என்ன செய்கின்றன என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

அக்கா மகனிடம் மேசை ஆசையை விடச் சொல்லவில்லை. அதை ஏர் ரைஃபிள் பக்கம் திருப்பிவிட்டேன்.

ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது. காற்றழுத்தம்தான் குண்டைத் தள்ளும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். கடைசிச் சூட்டில் 10.8 எடுத்தார். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே பிரிவுக்காரர். பத்து மீட்டர் தூரத்தில் அவர்கள் குறிவைக்கும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். பென்சில் முனையால் வைத்த பொட்டு அளவு.

அந்தப் புள்ளியில் குண்டு விழ வேண்டுமானால் சுடுவதற்கு முன்னாலேயே மேசையில் வேலை இருக்கிறது. பெல்லட் என்னும் அந்த 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு பார்க்கச் சின்ன உடுக்கை வடிவில் இருக்கும். எடை அரை கிராமுக்குச் சற்று மேலே. ஒரே டப்பாவில் வந்தாலும் எல்லாம் ஒன்றாக இருப்பதில்லை. தலையளவு 4.49, 4.50, 4.51 என்று நூலளவில் மாறும். பின்பக்கப் பாவாடை மெல்லிய ஈயம். டப்பா கீழே விழுந்தாலே நசுங்கும். நசுங்கியதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கண்ணாடித் தகட்டைக் கொஞ்சம் சாய்த்துவைத்து, ஒவ்வொன்றாக உருட்டிவிட வேண்டும். நல்ல குண்டு ஒரே மாதிரி வளைந்து உருளும். அடிபட்டது தடுமாறி வேறு பக்கம் போகும். அதைத் தனியே எடுத்துவிட்டு, மீதியை மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுத்து, எடைவாரியாகச் சின்ன டப்பாக்களில் பிரிக்க வேண்டும்.

மேசைக்குப் பழைய வேம்புப் பலகையே போதும். இடுப்பு உயரம் இருந்தால் முதுகு வலிக்காது. விளிம்பு வைத்த தட்டு ஒன்று வேண்டும், இல்லையென்றால் குண்டு உருண்டு தரையெல்லாம் சிதறும். தராசுக்கு மேல் விசிறிக் காற்று படக்கூடாது. மூச்சுக்காற்றுகூட எண்ணை மாற்றும். வெளிச்சம் இடதுபக்கம். பக்கத்தில் ஒரு நோட்டு: எந்த டப்பா, என்ன எடை, அட்டையில் எங்கே விழுந்தது. நோட்டு எழுதாதவன் எத்தனை குண்டு பிரித்தாலும் அது பொழுதுபோக்குதான்.

ஈயம் விஷம் என்பதை மறக்கக்கூடாது. அந்த மேசையில் டீ கிளாஸ் வைக்கக்கூடாது, முறுக்குத் தின்னக்கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். பின்சுவரில் குண்டை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பெட்டி இல்லாமல் ஒரு குண்டுகூடச் சுடக்கூடாது, கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அணிலையும் குருவியையும் சுடலாம் என்று ஆகிவிடாது. முறையாகக் கற்க ஆசை இருந்தால் சென்னை ரைஃபிள் கிளப் மாதிரி ஒரு சங்கத்தில் சேர்வது நல்லது. சங்கத்தில் முதலில் கற்றுத்தருவது துப்பாக்கியை எப்படிக் கீழே வைப்பது என்பதைத்தான்.

ஒரு வேண்டுகோள் பாக்கி. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ தாத்தா காலத்துத் தோட்டா, கேப் டப்பா, மருந்துப் புட்டி கிடக்கலாம். லைசென்ஸ்காரர் இறந்தபின் அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பழைய மருந்து ஆபத்தும்கூட. எடுத்துக் குலுக்கிப் பார்க்காதீர்கள், பிரிக்காதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. உங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போய் விவரம் சொல்லி, அவர்கள் சொல்கிற முறையில் ஒப்படைத்துவிட்டு, எழுத்தில் ரசீது கேட்டு வாங்குங்கள்.