பழஞ்சல்லியின் வேட்கை

சோவியத்து நாட்டின் துணையோடு நெய்வேலியில் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்னளிக்கத் தொடங்கிப் பின்னர் 600 மெகாவாட் ஆற்றலோடு உழைத்து, 2020இல் ஓய்ந்தது. அத்தகைய முதுகட்டடங்கள் இடிபடும்போது குவியும் கற்காரைச் சிதைவைக் குப்பை என்கிறோம். அச்சொல் பிழை. மலையை ஒருமுறை வெடிவைத்துப் பெற்ற கருங்கல் சல்லியே அதனுள் கிடக்கிறது.

அதை மீண்டும் கற்காரையில் இட்டால் நெடுநாள் நிற்குமா? கல்லைப் பற்றி ஐயமில்லை. அதன்மேல் ஒட்டிய பழஞ்சாந்தைப் பற்றியே ஐயம். புதுக்கருங்கல் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு நீரைக்கூடப் பெரும்பாலும் உறிஞ்சாது. பழஞ்சல்லியோ நான்கைந்து பங்கையும், சிலபோது அதற்கு மேலும் உறிஞ்சும். ஆதலால் கலக்குமுன் அதை நனைத்துவைக்க வேண்டும். நனைத்தாலும் சாந்தின் நுண்துளைகள் அடைபடுவதில்லை. கடலூர்க் கரையின் உப்பும் காற்றின் கரியமில வளியும் அவ்வழியே கற்காரையினுள் பதித்த எஃகுக் கம்பியை நெருங்கும்.

உப்பு நெருங்காத கற்காரையின் காரத்தன்மை அளவு (pH) 12.5ஐத் தாண்டி நிற்கும்வரை கம்பி துருவுக்கு அஞ்சாது. கரியமில வளி சுண்ணத்தைச் சுண்ணக்கல்லாக மாற்றிவிட்டால் அந்த அளவு 9க்கும் கீழே இறங்கும்; கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கற்காரையைப் பிளக்கும். எனினும் வியப்பொன்று உண்டு. கம்பி நீக்கி உடைத்த சல்லியை அதே வளியில் வைத்தால், விளையும் சுண்ணக்கல் பழஞ்சாந்தின் துளைகளை நிரப்பி, அதன் நீர்வேட்கையைத் தணிக்கிறது. கம்பிக்குப் பகையானது சல்லிக்கு மருந்தாகிறது!

நெய்வேலிக்கு இன்னொரு மருந்து வீட்டிலேயே உண்டு: பழுப்பு நிலக்கரியின் உலர்சாம்பல். அதிலுள்ள மணற்சத்து, சுண்ணத்தோடு கூடிப் பசையாகித் துளைகளை நெருக்கி, உப்பின் வழியைக் குறுக்கும். ஆனால் சுண்ணத்தைச் செலவிடுவதால் கரியமில வளிக்கு எதிரான காப்பு குறையும். சாம்பல் மிகுந்த கலவைக்கு நீராற்றும் நாளையும், கம்பியை மூடும் கனத்தையும் கூட்டியே ஆக வேண்டும். இச்சாம்பலின் கந்தகச் சேர்மங்களையும் ஆய்ந்த பின்னரே கலக்க வேண்டும்.

சல்லிக்கான இந்தியத் தரநிலை 383, 2016ஆம் ஆண்டின் திருத்தத்தில், எம்25 தரம் வரையான கம்பிக் கற்காரையில் நூற்றுக்கு 20 பங்கும், கம்பியில்லாததில் 25 பங்கும், எம்15க்குக் குறைந்த மெலிகலவையில் முழுமையும் பழஞ்சல்லியை ஏற்றது. இவ்வரம்பு அறிவார்ந்தது என்பேன். ஆயினும் அம்முழு இசைவைக்கூட நாம் பயன்கொள்ளாமல், அடித்தளத்தின் கீழே பரப்பவும் புதுமலையையே உடைக்கிறோம்; அது என் நெஞ்சை அறுக்கிறது. பழஞ்சல்லியின் தரமோ இடிக்கும் நாளிலேயே முடிவாகிறது. மரமும் செங்கல்லும் ஜிப்சம் பூச்சும் அன்றே பிரிக்கப்படாவிடில், பிறகு எந்த ஆலையாலும் அவற்றை முற்றும் களைய இயலாது.