வளவில் நிற்கும் பழைய வண்டி யாருடையது?

கல்லடியிலும் வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களிலும் சில வளவுகளில் ஒரு பழைய லொறியோ வானோ காரோ ஓடாமல் நிற்பதைக் காணலாம். ரயர்கள் மண்ணில் புதைந்திருக்கும். ஆசனத்தில் கோழி அடைகிடக்கும். அதை ஓட்டியவர் இன்று வீட்டில் இல்லை. பழைய இரும்பு வாங்குபவர் வந்து கிலோக் கணக்கில் விலை பேசுவார். வீட்டிலோ கஷ்டம். "நின்று துருப்பிடிப்பதை விடக் கொடுத்துவிடலாம்" என்று தோன்றுவது இயல்பே.

விற்பதா வைத்திருப்பதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. ஆனால் முடிவெடுக்கும் முன் அந்த வண்டி எப்போது வந்தது, யார் யாரிடம் கைமாறியது, இன்று சட்டப்படி யாருடைய பெயரில் இருக்கிறது என்பவற்றை அவர் அறிந்திருக்க வேண்டும். மேல்நாடுகளில் லொறியின் பின்புறத்தில் படுக்கையும் அடுப்பும் பொருத்திய பழைய வீட்டு வண்டிகளை வாங்குவோர், அவற்றின் முன்னைய சொந்தக்காரர்களைப் பொழுதுபோக்காகத் தேடுகின்றனர். இடம்பெயர்ந்த நாட்களில் நம்மில் பலருக்கு உழவு இயந்திரப் பெட்டியே வீடாக இருந்தது. ஆகவே நமக்கு இந்தத் தேடல் பொழுதுபோக்கல்ல. சொத்துரிமை பற்றிய விடயம்.

இலக்கத்தகடு சொல்லும் காலம்

வண்டியின் வயதை அறிய முதலில் இலக்கத்தகட்டைப் பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் சீ.ஈ., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். இவை 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டவை. 1957ஆம் ஆண்டு தொடக்கம் எண்களுக்கிடையே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1958இல், தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவையின் வண்டிகள் இந்த எழுத்துடன் வடக்கிற்கு வந்தபோது அதன்மீது தார் பூசும் போராட்டம் நடந்தது. அவ்வாண்டு இனக்கலவரத்திற்கு முந்திய பதற்றங்களில் இதுவும் ஒன்று. ஒரு சிறு தகட்டிலும் நமது வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பின்னர் 'ஸ்ரீ' இல்லாமல் எண்கள் மட்டும் கொண்ட தகடுகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் மீண்டும் ஆங்கில எழுத்துகள் வந்தன. ஆகவே தகட்டைப் பார்த்தே ஒரு வண்டி ஏறத்தாழ எக்காலத்தில் பதிவானது என்று சொல்லிவிடலாம்.

இரும்பில் வெட்டிய இலக்கம்

தகட்டைக் கழற்றி மாற்றலாம். ஆனால் அடிச்சட்ட இலக்கத்தை அப்படி எளிதில் மாற்ற முடியாது. 'செசி நம்பர்' என்று கராஜ்காரர் சொல்வது இதைத்தான். இது சட்டத்திலோ, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகரச் சுவரில் பொருத்திய சிறு தகட்டிலோ இருக்கும். துருவை மெதுவாகத் துடைத்து இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள்.

எஞ்சினிலும் ஓர் இலக்கம் உண்டு. பல பழைய ஆங்கிலேய வண்டிகளில் எஞ்சின் பழுதானதும் ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓடினார்கள். அந்த மாற்றம் பதிவுப் புத்தகத்தில் எழுதப்படாவிட்டால் பெயர் மாற்றும்போது சிக்கல் வரும்.

மொரிஸ் மைனர் போன்ற கார் என்றால் அதன் பிறப்பையே அறியலாம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இக்கார், அந்நாட்டில் 10 இலட்சத்திற்கு மேல் தயாரிக்கப்பட்ட முதல் கார். அங்குள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பேரேடுகளைப் பாதுகாத்து வருகிறது. அடிச்சட்ட இலக்கத்தை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், கார் தயாரிக்கப்பட்ட திகதி, முதல் நிறம் முதலியவற்றைக் குறித்துச் சான்றிதழ் தருவார்கள். பழைய கார்களைத் திருத்தி வைத்திருக்க விரும்புவோர் இரும்பு விலையை விடக் கூடுதலாகக் கொடுப்பர்.

இத்தகைய கார்களே யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தைத் தாங்கின. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளரும் கர்ப்பிணிகளும் அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

புத்தகத்தில் உள்ள பெயர்

சட்டத்தின் முன் முக்கியமானது பதிவுப் புத்தகம். அதில் சொந்தக்காரரின் பெயரும், கடனில் வாங்கியிருந்தால் லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கும். பழைய புத்தகங்களில் முன்னைய சொந்தக்காரர்களின் பெயர்களும் வரிசையாக இருக்கும்.

நம் பகுதியில் இந்த வரிசை பல இடங்களில் அறுந்துள்ளது. வாங்கியவர் பெயரை மாற்றாமல், விற்றவர் கையொப்பமிட்ட படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவதுண்டு. 'ஓப்பின் பேப்பர்' என்பது இதுவே. ஆண்கள் நம்பிக்கையின் பேரில் செய்த இந்த வேலை பின்னர் பெண்களின் தலையில் விழுகிறது. கணவர் பணம் கொடுத்து வாங்கிய வண்டி இன்னொருவர் பெயரில் இருக்கும். அல்லது கணவர் எப்போதோ விற்ற வண்டி இன்னமும் அவர் பெயரில் ஓடும். அது விபத்தில் சிக்கினால் பொலிஸார் முதலில் தேடுவது புத்தகத்தில் பெயருள்ளவரைத்தான்.

புத்தகம் தொலைந்திருந்தால்

1990இன் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2006, 2007ஆம் ஆண்டுகளின் யுத்தம் என்று நம் வீட்டுப் பத்திரங்கள் பலமுறை அழிந்தன. கல்லடிக் கடற்கரையில் வீட்டோடு எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. புத்தகம் போனாலும் பதிவு போகாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரம் இருக்கும். வண்டி இலக்கத்தைக் கொடுத்து அங்கே விசாரிக்கலாம். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதித் துண்டு, கராஜ் பற்றுச்சீட்டு எதையும் எறியாதீர்கள். வண்டி பறிக்கப்பட்டிருந்தால் அன்று செய்த முறைப்பாட்டின் பிரதியைத் தேடி எடுங்கள்.

ஊரின் ஞாபகமும் ஒரு சான்றுதான். 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலம் ஒடுக்கமானது. 2013இல் புதிய பாலம் வரும்வரை வண்டிகள் அதில் காத்திருந்துதான் கடந்தன. அக்காலச் சாரதிகளும் கராஜ்காரர்களும் எந்த லொறி யாருடையது, யாரிடம் கைமாறியது என்பதை மறந்திருக்க மாட்டார்கள். வயது போவதற்குள் அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

கணவர் இறந்திருந்தால், காணாமற்போயிருந்தால்

கணவர் பெயரில் வண்டி இருந்து அவர் இறந்திருந்தால், மரணச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் முதலில் தேவை. பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு என்பதை மறக்கக் கூடாது. காணாமற்போனவரின் மனைவிக்கு நிலைமை கடினமானது. வண்டிக்காகக் கணவரின் மரணச் சான்றிதழை எடுக்க எந்தப் பெண்ணின் மனமும் ஒப்பாது. 2016இல் வந்த சட்டத்திருத்தம் இதற்கு ஒரு வழி தந்தது. மரணம் என்று ஒப்புக்கொள்ளாமலே 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' பெறலாம். காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும். விற்க நினைத்தால் முன்னதாகச் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சகோதரிகளே, இரும்புக்காரரின் தராசில் ஏற்றும்முன் இலக்கத்தகடு, அடிச்சட்ட இலக்கம், எஞ்சின் இலக்கம், புத்தகத்தில் உள்ள பெயர் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எவர் கேட்டாலும் மூலப் பத்திரத்தைக் கொடுக்காமல் பிரதியை மட்டும் கொடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். விற்றால் அன்றே பெயர் மாற்றத்திற்கான வேலையைத் தொடங்குங்கள். எழுதிய கொப்பியை மகளிடமும் காட்டி வையுங்கள்.