வண்டி கொதித்தால் வியாபாரம் ஆறிப்போகும்

கடையில் உள்ள சரக்குக்கு இருப்புக் கணக்கு எழுதுகிறோம். தராசுக்கு முத்திரை போட்டு வைக்கிறோம். கடன் நோட்டை நாள்தோறும் புரட்டிப் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சரக்கைக் கோயம்பேட்டிலிருந்தும் பாரிமுனையிலிருந்தும் மயிலாப்பூர் மாட வீதிகளுக்கும், தி.நகர் உஸ்மான் சாலைக்கும், அடையாறு காந்தி நகருக்கும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டியின் பானெட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம்? நம்மில் பலர் அது டிரைவர் வேலை என்று விட்டுவிடுகிறோம். டிரைவரோ மெக்கானிக் வேலை என்று விட்டுவிடுகிறார். கடைசியில் கத்திரி வெயிலில் வண்டி நடுரோட்டில் ஆவி கக்கி நிற்கும்போது, அது முதலாளி வேலையாகிவிடுகிறது.

வண்டியின் வெப்பக் கட்டுப்பாட்டைப் பற்றி வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம். மெக்கானிக் தொழிலைக் கற்றுத் தருவது நமது நோக்கமன்று. பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

நூறு ரூபாய் டீசலின் கணக்கு

நூறு ரூபாய்க்கு டீசல் போட்டால், ஏறக்குறைய முப்பது முதல் நாற்பது ரூபாய்க்கான சக்திதான் வண்டியை ஓட்டும் வேலைக்குக் கிடைக்கிறது. ஏறக்குறைய முப்பது ரூபாய் புகைக்குழாய் வழியே வெப்பமாகப் போய்விடுகிறது. மீதியும் வெப்பம்தான். அது என்ஜினுக்குள்ளேயே தங்கினால் இரும்பும் அலுமினியமும் தாங்காது. அந்த வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டுவதே குளிர்விக்கும் நீரின் வேலை.

வாட்டர் பம்ப் இந்த நீரை என்ஜினைச் சுற்றி ஓடவிடுகிறது. சூடேறிய நீர் ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் பரவி, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இடையில் தெர்மோஸ்டாட் என்ற சிறு வால்வு காவல்காரன் போல நிற்கிறது. நீர் ஏறக்குறைய 82 முதல் 90 டிகிரி வரை சூடானால்தான் அது ரேடியேட்டருக்கு வழி திறக்கும். "சென்னை வெயிலுக்கு இது எதற்கு?" என்று சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்வதுண்டு. இது தவறு. என்ஜினுக்கு அதிகச் சூடு எப்படி ஆகாதோ, அப்படியே போதாத சூடும் ஆகாது. எண்ணெய் கெட்டியாகவே இருந்து தேய்மானம் கூடும்; டீசலும் அதிகம் குடிக்கும்.

மயிலாப்பூரிலிருந்து உலகுக்குப் போன மூடி

இந்த அமைப்பில் விலை குறைந்த பொருள்களில் ஒன்று ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியன்று, அழுத்தக் காவலன். சாதாரணமாக நீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கொதிநிலை உயர்கிறது. 0.9 என்று அச்சிட்ட மூடி சரியாக வேலை செய்தால் வெறும் நீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப் போனாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ இந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும். நல்ல ரேடியேட்டரும் நல்ல பம்பும் இருந்தும் வண்டி கொதிக்கும்.

இந்தச் சிறு மூடியால் நமது நகரத்துக்குப் பெருமையும் உண்டு. மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் தலைமை அலுவலகம் கொண்ட சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனம், 1960களில் பாடியில் ஆணி, போல்ட்டு, நட்டு வகைகளைச் செய்யத் தொடங்கிய நிறுவனம். 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தில் நடத்தி வந்த ரேடியேட்டர் மூடி உற்பத்தியைக் கைவிட்டபோது, அந்த இயந்திரங்களை வாங்கிவந்து கும்மிடிப்பூண்டியில் நிறுவியது. அங்கே தயாரான மூடிகள் ஜெனரல் மோட்டார்ஸின் கார்களுக்கே கப்பலேறிப் போயின. சிறந்த சப்ளையர் என்ற அந்நிறுவனத்தின் விருதும் பலமுறை கிடைத்தது. ஒரு மூடிக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை உலகச் சந்தை அறிந்திருந்தது. அதே மூடியை நாம் வாஷர் போன பின்னும் துணி சுற்றி இறுக்கி ஓட்டுகிறோம்!

மூடி மாற்றும்போது பழையதில் அச்சிட்டுள்ள எண்ணையும் அளவையும் பார்த்து, அதே எண்ணுள்ளதை வாங்க வேண்டும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் எல்லா வகையும் கிடைக்கும். பொருந்துகிறது என்பதற்காக வேறு எண் மூடியைப் போடக்கூடாது. அழுத்தம் குறைந்தால் கொதிக்கும். கூடினால் பழைய ஹோஸ் குழாய் வெடிக்கும். புதிய கார்கள் பலவற்றில் இந்த மூடி ரேடியேட்டர் மேல் இல்லாமல், பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டாங்கின் மேல் இருக்கும். வேலை ஒன்றே.

அடையாற்றுத் தண்ணீர் என்ஜினுக்கு ஆகுமா?

கடற்கரையை ஒட்டிய தென்சென்னைப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் இரண்டு நாள் வைத்தால் வெள்ளைப் படலம் தெரியும். அதே படலம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. உப்பு இரும்பை அரிக்கிறது, அலுமினியத்தையும் அரிக்கிறது. வெளியே ரேடியேட்டர் பளபளவென்று இருக்கும். உள்ளே பாதிக் குழாய் அடைத்திருக்கும்.

ஆகவே போர் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடாது. கூலண்ட் என்பது குளிர் நாட்டாருக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் தவறு. அங்கே அது நீர் உறையாமல் காக்கிறது; இங்கே கொதிக்காமலும் துரு ஏறாமலும் காக்கிறது. அப்படியே ஊற்றும் வகை, காய்ச்சி வடித்த நீருடன் கலக்கும் வகை என்று இரண்டு உண்டு. டப்பாவைப் படித்து வாங்குவது நல்லது. நிறத்தைப் பார்த்து நம்பக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்பவை கம்பெனிகள் சேர்க்கும் சாயம்தான். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை வருவதுண்டு. வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று சொல்லியிருக்கிறதோ அதையே, அதில் சொன்ன காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதன் சுவையோ இனிப்பு. மளிகைக் கடையில் பழைய குடிநீர் பாட்டிலில் கூலண்டை ஊற்றி வைப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

தி.நகரில் நிற்கும்போது

ஓடும் வண்டிக்குக் காற்று தானாகக் கிடைக்கிறது. பனகல் பூங்காவைச் சுற்றித் தீபாவளி நேரத்தில் நகர்ந்து நகர்ந்து போகும் வண்டிக்கு ஃபேன் ஒன்றே கதி. ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், உள்ளிருந்து இறைத்த வெப்பத்தை அது ரேடியேட்டருக்கு வரும் காற்றிலேயே கொட்டுகிறது. நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடிய வண்டி கடைத்தெருவில் நின்றால் மட்டும் கொதிக்கிறது என்றால், முதலில் ஃபேனையும் அதன் ஃபியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்த தூசியையும் சாக்குத் தும்பையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பெரிய செலவுக்குப் போகுமுன் சிறிய செலவைப் பார்ப்பது வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"கேஸ் தீர்ந்துவிட்டது" என்றால்

ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே எடுத்துப் போகிறது. கம்ப்ரெசர் அழுத்திய கேஸ் கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின் குறுகிய வால்வு வழியே பாய்ந்து, இவாப்பரேட்டரில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. மறுபடி கம்ப்ரெசருக்கு வருகிறது. இது மூடிய சுற்று. கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று. ஹோஸ் குழாய் வழியே ஆண்டுகள் பல சென்று சிறிது கசியலாம். ஒவ்வொரு கோடையிலும் "கேஸ் போட வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைச் சாக்கில் அரிசி அளப்பதற்குச் சமம்.

கேஸின் வகையும் முக்கியம். பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாட்டில் இந்தியா 1992இல் சேர்ந்து, 2010க்குள் அவ்வகைக் கேஸ்களின் பயன்பாட்டை நிறுத்தியது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது; ஆனால் பூமியைச் சூடாக்கும் ஆற்றல் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமில்லை. எனவே பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் ஒர்க் ஷாப்பையே நாடுவோம். ஒரு வகைக் கேஸுடன் இன்னொன்றைக் கலக்க விடக் கூடாது, கம்ப்ரெசர் பழுதாகும்.

கார் ஏ.சி.யைக் குளிர்பதன அறை என்று எண்ணிவிடவும் கூடாது. வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் வெயிலில் பூட்டி நிறுத்திய கார் ஒரு மணி நேரத்தில் 45 டிகிரியைத் தாண்டும். சாக்லெட்டும் வெண்ணெயும் மருந்தும் அதைத் தாங்கா. குழந்தையையோ கடைப் பையனையோ உள்ளே வைத்துப் பூட்டிச் செல்வது உயிருக்கே ஆபத்து.

முள் சிவப்புக்கு ஏறினால்

டிரைவருக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். உடனே ஏ.சி.யை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் மூடியைத் திறந்த கணமே ஆவியாகி முகத்தில் பாயும். டெலிவரிக்கு நேரமாகிறது என்று முதலாளி போனில் அவசரப்படுத்துவதே பல விபத்துகளுக்குக் காரணம். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. சூடான என்ஜின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடும். "கடை பக்கம்தானே" என்று கொதிக்கும் வண்டியை ஓட்டி வந்தால் கேஸ்கட் போகும், ஹெட் வளையும். பிறகு லேத்துக்குக் கொடுத்து எடுக்கும் வரை வாடகை வண்டிதான்.

கணக்கில் ஒரு வரி

சரக்கு வண்டியின் பழுதுபார்ப்பு, பராமரிப்புச் செலவுக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. சொந்த உபயோகக் காருக்கும், காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் அது கிடைக்காது. எனவே கூலண்ட் முதல் கம்ப்ரெசர் வரை முறையான பில் கேட்டு வாங்குங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 2003 மே மாத இறுதியில் 45 டிகிரியைத் தொட்ட ஊர் நமது ஊர். அந்த வெயிலில் கொதிக்கும் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நமது டிரைவர்கள் நமக்குச் சரக்கு கொண்டுவந்தார்கள். சட்டம் கேட்காத சிறு வண்டிகளிலும், ஒரு ஃபேனுக்கும் குடிநீருக்கும் நிழலில் நிறுத்தும் இடத்துக்கும் நாம் வழி செய்யலாம்.

வாரம் ஒருநாள், என்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில், கடை திறக்குமுன் ஐந்து நிமிடம் போதும்: கூலண்ட் அளவு, மூடியின் வாஷர், ஹோஸ் குழாய், பெல்ட், தரையில் கசிவு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். மாட வீதிகளில் பங்குனித் தேரைப் பார்த்து வளர்ந்த மயிலாப்பூர் வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றைய தேருக்கு ரேடியேட்டர் மூடியும் ஓர் அச்சாணிதான். நாளைக் காலை டிரைவரையும் கூட வைத்துக்கொண்டு அதைத் திறந்து பாருங்கள்.